பதிவேட்டில் தொலையும் படைவீரர்கள்

பனியிலும் பாலையிலும் காவல் காத்தவரின் மனைவி, ஒரு பெயர்ப் பிழைக்காக அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குகிறார். போரில் நின்றவர், நின்றதற்குச் சான்று இல்லாமல் பதக்கம் இழக்கிறார். பிழை செய்தது யார், அதன் சுமை யார் தலையில்?

மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் வராந்தா. காலை பத்தரை மணிக்கே பெஞ்சுகள் நிரம்பிவிட்டன. எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா மஞ்சப்பையிலிருந்து பிளாஸ்டிக் உறை ஒன்றை எடுக்கிறார். உள்ளே பூச்சி அரித்த டிஸ்சார்ஜ் புக், கணவரின் இறப்புச் சான்றிதழ், ஆதார் அட்டை, இருவரும் சேர்ந்து எடுத்த புகைப்படம். கடைசியாக வருகிறது பி.பி.ஓ. எனப்படும் ஓய்வூதிய ஆணை. ஜெராக்ஸுக்கு மேல் ஜெராக்ஸ் எடுத்ததில் எண்கள் பாதி அழிந்துபோயிருக்கின்றன.

பக்கத்தில் உட்கார்ந்து எல்லோருக்கும் படிவம் நிரப்பித் தரும் ஓய்வு பெற்ற ஹவில்தார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரிவரியாகப் படிக்கிறார்.

“அண்ணி, இதுல உங்க பேரு வேற, ஆதார்ல வேற. பொறந்த தேதிக் கட்டம் காலியா இருக்கு.”

“அவரு இருந்த வரைக்கும் மாசாமாசம் பணம் வந்துதே தம்பி?”

“அது அவரு பேர்ல வந்துது. இனிமே உங்க பேர்ல வரணும்ல.”

பி.பி.ஓ.வில் இருப்பது பிறந்த வீட்டில் கூப்பிட்ட பெயர். கல்யாணம் முடிந்து லீவு தீர்ந்து பட்டாளத்துக்குத் திரும்பிய கணவர், யூனிட் கிளார்க்கிடம் வாய்மொழியாகச் சொன்ன பெயர் அதுதான். ரேஷன் கார்டிலும் வாக்காளர் அட்டையிலும் ஆதாரிலும் இருப்பது வேறு. கணவர் சிக்னல்ஸ் பிரிவுக்காரர் என்பதால் அவருடைய கோப்பு ஜபல்பூரில் இருக்கிறது. தான் வேறு யாருமில்லை, கோப்பில் இருக்கும் அதே பெண்தான் என்று இந்த அம்மா இங்கிருந்து ஜபல்பூருக்கு நிரூபிக்க வேண்டும்.

வேலூரை அடுத்த கம்மவான்பேட்டையை ‘ராணுவப்பேட்டை’ என்றே அழைப்பார்கள். வீட்டுக்கு வீடு மிலிட்டரிக்காரர் இருக்கும் ஊர். அதுபோலப் பட்டாளத்துக்குப் பிள்ளைகளை அனுப்பிய கிராமங்கள் தமிழ்நாட்டில் ஏராளம். அங்கெல்லாம் டிரங்குப் பெட்டியில் கிடக்கும் பழைய காகிதங்களை இப்போது எடுத்துப் பார்த்துத் திடுக்கிடுகிறார்கள். காரணம், பாதுகாப்புத் துறை ஓய்வூதியம் முழுக்க ‘ஸ்பார்ஷ்’ என்ற கணினி முறைக்கு மாறிவிட்டது. வங்கி மேலாளர் முகம் பார்த்துச் சமாளித்த காலத்தில் மறைந்திருந்த பிழைகள் எல்லாம் திரையில் தெரியத் தொடங்கிவிட்டன.

பிழை பிறக்கும் இடம்

ஒரு சிப்பாய் சேர்ந்த நாளில் அவருடைய பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி, ஊர், அங்க அடையாளம் எல்லாம் பதிவாகின்றன. பிறகு அவர் வாழ்க்கையில் நடக்கும் ஒவ்வொன்றும், அதாவது திருமணம், குழந்தை, பதவி உயர்வு, இடமாற்றம், காயம், பதக்கத் தகுதி ஆகிய யாவும் யூனிட்டில் ‘பார்ட் டூ ஆர்டர்’ ஆக வெளியாகி, அந்தப் பிரிவின் ரெக்கார்ட்ஸ் அலுவலகத்துக்குப் போக வேண்டும். ஆர்டர் வெளியாகாத சம்பவம், பதிவேட்டைப் பொறுத்தவரை நடக்கவே இல்லை.

1960-களிலும் 70-களிலும் சேர்ந்த பல கிராமத்து இளைஞர்களிடம் பிறப்புச் சான்றிதழ் கிடையாது. பள்ளி வாத்தியார் போட்ட தேதிதான் பிறந்த தேதி. தமிழ் தெரியாத கிளார்க் காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதினார். கந்தசாமியும் கந்தஸ்வாமியும் கணினிக்கு இரண்டு பேர். நமக்கு இனிஷியல்தான் வழக்கம். ராணுவப் படிவமோ குடும்பப் பெயர் கேட்டது. அப்பா பெயர் சிலருக்கு முன்னால் போனது, சிலருக்குப் பின்னால் போனது, சிலருக்குக் காணாமலே போனது. அந்தக் கிளார்க்கைக் குறை சொல்லிப் பயனில்லை. கூடாரத்தில் அரிக்கேன் விளக்கில் எழுதியவர்களும் அவர்களில் உண்டு. எழுதியதைச் சிப்பாயிடம் அவர் மொழியில் வாசித்துக் காட்டி ஒப்புதல் வாங்கும் ஏற்பாடு ஒழுங்காக நடந்திருந்தால் பாதிப் பிழைகள் அன்றே தீர்ந்திருக்கும்.

[பெட்டிச் செய்தி]
உங்கள் கோப்பு எங்கே?
மெட்ராஸ் ரெஜிமென்ட்: வெலிங்டன், நீலகிரி
மெட்ராஸ் சாப்பர்ஸ்: பெங்களூரு
பீரங்கிப் படை: நாசிக் ரோடு
சிக்னல்ஸ்: ஜபல்பூர்
இ.எம்.இ. (மின்னணு, இயந்திரப் பொறியாளர் பிரிவு): செகந்திராபாத்
ராணுவ மருத்துவப் பிரிவு: லக்னோ
டி.எஸ்.சி. (பாதுகாப்புக் காவல் பிரிவு): கண்ணூர்
விமானப்படை வீரர்கள்: சுப்ரதோ பார்க், டெல்லி
கடற்படை மாலுமிகள்: மான்குர்த், மும்பை

தளபதியாலும் திருத்த முடியாத தேதி

சாமானியச் சிப்பாய்களுக்கு மட்டும் வரும் தொல்லை என்று இதை நினைக்க வேண்டாம். ராணுவத் தலைமைத் தளபதியாக இருந்த ஜெனரல் வி.கே. சிங்குக்கு ராணுவத்திலேயே இரண்டு பிறந்த தேதிகள் இருந்தன. அதிகாரபூர்வப் பதிவுகளைப் பராமரிக்கும் அட்ஜுடன்ட் ஜெனரல் கிளையில் 10 மே 1951. பதவி உயர்வுகளைக் கவனிக்கும் மிலிட்டரி செக்ரட்டரி கிளையில் 10 மே 1950. தேசியப் பாதுகாப்பு அகாடமிக்கு மாணவராக விண்ணப்பித்தபோது படிவத்தில் 1950 என்று எழுதப்பட்டுவிட்டது. பள்ளிச் சான்றிதழ் 1951 என்றது. இரண்டு கிளைகளும் பல பத்தாண்டுகள் ஆளுக்கொரு தேதியை வைத்துக்கொண்டிருந்தன.

2012 ஜனவரியில், பதவியில் இருக்கும்போதே அவர் உச்ச நீதிமன்றம் போனார். பதவியில் இருக்கும் தளபதி அரசுக்கு எதிராக வழக்குத் தொடுத்தது இந்தியாவில் அதுவே முதல் முறை. பிப்ரவரி 10 அன்று மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். 1950 என்ற கணக்கிலேயே அந்த ஆண்டு மே 31 அன்று ஓய்வு பெற்றார். 1950 என்ற தேதியை முன்பு அவரே ஏற்று எழுதிக் கொடுத்திருந்தார் என்பது அரசின் வாதம். அந்த வாதத்தின் சரி தவறு எப்படியோ போகட்டும். பணிக்காலத்தின் தொடக்கத்தில் தீர்க்காத பிறந்த தேதிச் சிக்கலைக் கடைசிக் காலத்தில் கிளப்பினால் நீதிமன்றங்கள் ஏற்பதில்லை என்பதுதான் நம் சட்டத்தின் நிலை. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் கொண்ட படைக்குத் தலைவராக இருந்தவருக்கே இந்த நிலை.

கார்கில் போரில் பட்டாலிக் பகுதியில் 70-வது காலாட்படை பிரிகேடுக்குத் தலைமை தாங்கிய பிரிகேடியர் தேவிந்தர் சிங்கின் வழக்கு இன்னும் கனமானது. அங்கே பிரச்சினை எழுத்துப் பிழை அல்ல. போரில் அவருடைய செயல்பாட்டைப் பற்றி மேலதிகாரி எழுதிய அறிக்கை ஒருதலைப்பட்சமானது என்று 2010-ல் ஆயுதப்படைத் தீர்ப்பாயம் கூறியது. போர் நடந்தது 1999-ல். பதிவைச் சரிசெய்யும்படி தீர்ப்பு வர 11 ஆண்டுகள். அதற்குள் அவருடைய பதவி உயர்வுக் காலமே முடிந்துபோயிருந்தது.

ஒரே மரணம், மூன்று ஓய்வூதியம்

ஒரு வீரர் இறந்தால், அந்த இறப்பு பதிவேட்டில் எந்தச் சொல்லால் எழுதப்படுகிறது என்பதை வைத்துத்தான் அவர் குடும்பத்தின் மீதி வாழ்க்கை. போர்ப் பணியில் நேர்ந்த மரணம் என்று பதிவானால் கடைசியாக வாங்கிய சம்பளம் முழுவதும் தாராளக் குடும்ப ஓய்வூதியமாகக் கிடைக்கும். பணியின் காரணமாக நேர்ந்தது, ஆனால் போர்ப் பணி அல்ல என்றால் சிறப்புக் குடும்ப ஓய்வூதியம், 60 சதவீதம். பணிக்குச் சம்பந்தமில்லை என்றால் சாதாரணக் குடும்ப ஓய்வூதியம். முதல் சில ஆண்டுகள் கழிந்ததும் 30 சதவீதம்.

ஓய்வூதியத்தோடு இது நிற்பதில்லை. கல்லூரிகளில் படைவீரர் பிள்ளைகளுக்கான ஒதுக்கீட்டில், போரில் உயிர் துறந்தவர்களின் பிள்ளைகள் முதல் வரிசை. பணியின் காரணமாக இறந்தவரின் பிள்ளைகள் மூன்றாம் வரிசை. மருத்துவ இடத்துக்கு மல்லுக்கட்டும் பிள்ளைக்கு அந்த இரண்டு படி வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று பெற்றோருக்குத் தெரியும்.

2013 ஜனவரியில் ஜம்மு காஷ்மீரின் எல்லைப் பகுதி. கடுங்குளிரில் ரோந்து போன ஒரு நாயக்குக்கு மூச்சுத் திணறல். வானிலை மோசமாக இருந்ததால் அவரை விமானத்தில் கொண்டுபோக முடியவில்லை. இறந்துபோனார். முதலில் போர்ப் பணி மரணமாகப் பதிவானது, பின்னர் உடல்நலக் காரணத்தால் நேர்ந்த மரணமாக மாற்றப்பட்டது. தாராள ஓய்வூதியம் மறுக்கப்பட்டது. அவர் மனைவி ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குப் போய் 2019-ல் வென்றார். மத்திய அரசு அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனது. 2024 டிசம்பரில் நீதிபதிகள் அபய் எஸ். ஓகா, ஏ.ஜி. மாசி அமர்வு அரசின் மேல்முறையீட்டைத் தள்ளியது. கணவரை இழந்தவரை இப்படி இழுத்தடித்திருக்கக் கூடாது என்று கூறி, அவருக்கு 50,000 ரூபாய் வழக்குச் செலவு தரவும் உத்தரவிட்டது.

நாட்டின் பாதுகாப்புக்காகப் பனியில் நடந்தவரின் மரணத்துக்கு என்ன பெயர் என்று முடிவு செய்ய 11 ஆண்டுகளுக்கு மேல். அதுவும் அந்தப் பெண் விடாமல் போராடியதால். பாதியில் ஓய்ந்துபோனவர்களின் வழக்குகள் எந்தத் தீர்ப்புத் தொகுப்பிலும் இருக்காது.

ஊனத்துக்கும் இதே கதைதான். நல்ல உடம்போடு சேர்ந்து, நோயோடு வெளியேற்றப்பட்டவரிடம் ‘இது பிறவிக்கூறு, பணியால் வந்ததல்ல’ என்று மருத்துவக் குழு ஒரு வரி எழுதிவிட்டால் ஊன ஓய்வூதியம் கிடையாது. சிக்னல்ஸ் பிரிவுச் சிப்பாய் ஒருவர் தொடர்ந்த தரம்வீர் சிங் வழக்கில் 2013-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: சேரும்போது குறை எதுவும் பதிவாகவில்லை என்றால், பின்னால் வந்த நோய் பணியால் வந்ததாகவே கொள்ள வேண்டும்; இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு அரசுடையது. இந்தக் கட்டுரையில் வரும் தீர்ப்புகளில் மிக முக்கியமானது இதுதான் என்பேன். பதிவேட்டின் வெற்றிடம் வீரருக்குச் சாதகமாக வாசிக்கப்பட வேண்டும் என்கிறது அது. பெயர்ப் பிழைக்கும் விடுபட்ட பதக்கத்துக்கும் இதே நியாயத்தை நீட்டினால் என்ன குடிமுழுகிவிடும்?

[பெட்டிச் செய்தி]
காலிக் கட்டத்தின் விலை
80 வயது நிறைந்தால் ஓய்வூதியத்தில் கூடுதலாக 20 சதவீதம். 85-ல் 30, 90-ல் 40, 95-ல் 50, 100-ல் 100 சதவீதம். குடும்ப ஓய்வூதியம் வாங்கும் மனைவிக்கும் இது உண்டு. ஆனால் பதிவில் அவருடைய பிறந்த தேதி இருந்தால்தான் தானாகக் கணக்கில் ஏறும். பழைய பி.பி.ஓ.க்கள் பலவற்றில் அந்தக் கட்டம் காலி.

நெஞ்சில் ஏறாத பதக்கம்

வீரதீரப் பதக்கத்துக்கு மாதாந்தரப் படியும் அரசுப் பரிசும் உண்டு. போரில், களத்தில் பணியாற்றியதற்கான பதக்கங்களுக்குக் காசு கிடையாது. ‘காசில்லாத தகரத்துக்கு ஏன் இந்த அலைச்சல்?’ என்று பேரப்பிள்ளைகள் கேட்கிறார்கள். 1971 போரில் பங்கேற்றவர்களுக்கு சங்க்ராம் மெடல். மேற்கு முனையில் இருந்தவருக்குப் பஸ்சிமி ஸ்டார். கிழக்கு முனையில் இருந்தவருக்குப் பூர்வி ஸ்டார். இலங்கைக்கு அமைதிப்படையில் போனவர்களுக்கு ‘ஸ்ரீலங்கா’ என்று பட்டை பொறித்த பதக்கம். எந்தப் பதக்கம் நெஞ்சில் இருக்கிறது என்று பார்த்தாலே இன்னொரு சிப்பாய்க்கு அவர் எங்கே நின்றார் என்று தெரிந்துவிடும்.

பதக்கத்தைக் கையில் எடுத்து விளிம்பைப் பாருங்கள். அங்கே பொடி எழுத்தில் வீரரின் எண், பதவி, பெயர் பொறித்திருக்கும். பதிவேட்டில் பெயர் தவறென்றால் உலோகத்திலும் தவறாகவே ஏறும். தகுதி பதிவாகாமல் போவது இன்னும் சுலபம். டிரைவர், சமையற்காரர், ரேடியோ ஆபரேட்டர், சாப்பர் போன்றவர்கள் சொந்த யூனிட்டை விட்டு வேறொரு யூனிட்டோடு இணைப்பில் முன்னணிக்குப் போவார்கள். போர் முடியும், திரும்புவார்கள். கூடப் போன யூனிட் இவர்களைத் தன் ஆட்களாக எழுதாது. சொந்த யூனிட்டுக்கு இவர்கள் எங்கே நின்றார்கள் என்று தெரியாது. பார்ட் டூ ஆர்டர் வெளிவராது.

பதிவான தகுதிக்கும் பதக்கம் உடனே கைக்கு வருவதில்லை. கொல்கத்தா நாணயச் சாலையில் வார்த்து வருவதற்குள் வீரர்கள் கண்டோன்மென்ட் கடைகளில் நகல் வாங்கிச் சீருடையில் குத்திக்கொள்வது பழகிப்போன சங்கதி. ஓய்வு பெற்றுப் போனவரைத் தேடிப் பதக்கத்தை அனுப்புவது யாருடைய அவசர வேலையாகவும் இருப்பதில்லை. அவரே எழுதிக் கேட்க வேண்டும்.

அமெரிக்காவிலும் இப்படி நடந்திருக்கிறது. 1965 ஜூனில் வியட்நாமின் போங் சோன் அருகே, தான் பலமுறை காயப்பட்டும் சக வீரர்களை மீட்காமல் களத்தை விட்டு நகர மறுத்தவர் கேப்டன் பாரிஸ் டேவிஸ். கறுப்பினத்தவர். நாட்டின் மிக உயர்ந்த ராணுவ விருதான மெடல் ஆஃப் ஆனருக்கு அவரைப் பரிந்துரைத்த காகிதங்கள் காணாமல் போயின. கூட இருந்தவர்கள் பத்தாண்டுக் கணக்கில் விடாமல் எழுதினார்கள். 2023 மார்ச் 3 அன்று அவருடைய 83-வது வயதில் அந்தப் பதக்கம் கழுத்தில் ஏறியது. அவருக்குச் சாட்சி சொல்ல ஆட்கள் உயிரோடு இருந்தார்கள். நம் 1971 வீரர்களுக்குச் சாட்சிகள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

[பெட்டிச் செய்தி]
எரிந்துபோன ஒன்றரைக் கோடிக்கும் மேலான வாழ்க்கைகள்
1973 ஜூலை 12. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் அருகே தேசியப் பணியாளர் ஆவண மையத்தின் ஆறாவது மாடியில் தீ. 1 கோடியே 60 லட்சம் முதல் 1 கோடியே 80 லட்சம் வரையான ராணுவக் கோப்புகள் சாம்பல். 1912-க்கும் 1960-க்கும் இடையில் ராணுவத்திலிருந்து விடுபட்டவர்களின் ஆவணங்களில் 80 சதவீதம் போய்விட்டது. நகல் கிடையாது. அங்கே அரசு என்ன செய்தது? சம்பளப் பட்டியல், மருத்துவமனைப் பதிவு, யூனிட்டின் தினசரி அறிக்கை என்று வேறு இடங்களில் கிடந்த காகிதங்களைத் தேடி வீரர்களின் பணிக்காலத்தைத் திரும்பக் கட்டியெழுப்பித் தருகிறது. அந்த வேலை இன்றும் நடக்கிறது.

தாமதமும் ஒரு தண்டனை

நம் ஊரில் தீ தேவையில்லை, விதியே போதும். ஓய்வூதியம் இல்லாமல் விலகியவர்களின் ஆவணங்களை 25 ஆண்டுகளுக்குப் பின் அழித்துவிட ராணுவ ஒழுங்குமுறை இடம் தருகிறது. சிப்பாய்க்கு ஓய்வூதியம் பெற 15 ஆண்டுப் பணி வேண்டும். அதற்குச் சில மாதம் குறைவாகக் கணக்கிட்டு வெறுங்கையோடு அனுப்பப்பட்டவர், அந்தக் கணக்கு தவறு என்று முதுமையில் கேட்டால் ‘ஆவணம் அழிக்கப்பட்டது’ என்ற ஒற்றை வரிதான் பதில். தன்னிடம் இருந்த சான்றைத் தானே அழித்துவிட்டு, எதிரில் நிற்பவரிடம் சான்று கேட்பது எந்த ஊர் நியாயம்?

வென்றாலும் முழுதும் கிடைக்காது. தாமதமாக வழக்குப் போட்டால் நிலுவைத் தொகையை மனு போட்ட நாளுக்கு முந்தைய 3 ஆண்டுகளுக்கு மட்டும் தரலாம் என்று தர்சேம் சிங் வழக்கில் 2008-ல் உச்ச நீதிமன்றம் வகுத்த வரையறை இருக்கிறது. 20 ஆண்டுகளாகக் குறைந்த ஓய்வூதியம் வாங்கியவர் பிழையை இன்று நிரூபித்தால் 17 ஆண்டுப் பணம் போனது போனதுதான். ஒரே பதவி ஒரே ஓய்வூதியத் திட்டத்தில் பதவி, பிரிவு, பணிக்காலம் மூன்றும் சேர்ந்தே தொகையை முடிவு செய்கின்றன. மூன்றில் ஒன்று தவறினாலும் மாதாமாதம் நட்டம்.

ஸ்பார்ஷ் நல்ல நோக்கத்தோடு வந்தது. ஓய்வூதியரே தன் விவரத்தைப் பார்க்கலாம், திருத்தம் கோரலாம். ஆனால் 2022-ல் ஆண்டுச் சரிபார்ப்பு முடியாததால் 50 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் ஏப்ரல் மாத ஓய்வூதியம் நின்றுபோனது. பிறகு பாதுகாப்பு அமைச்சகமே சிறப்பு விலக்கு கொடுத்துப் பணத்தை விடுவித்தது. ஓ.டி.பி. எந்தக் கைபேசிக்குப் போகிறது என்றே தெரியாத எண்பது வயது மனிதருக்கு ‘நீங்களே திருத்திக்கொள்ளலாம்’ என்பது வசதி ஆகாது.

செய்ய வேண்டியது என்ன?

அரசு மூன்று காரியம் செய்யலாம். பழைய பி.பி.ஓ. வைத்திருக்கும் எல்லோருக்கும் அவரவர் பதிவேட்டு விவரத்தை அவரவர் மொழியில் அச்சிட்டு அஞ்சலில் அனுப்பட்டும். பெயர்ப் பிழை, பிறந்த தேதி போன்ற சில்லறைத் திருத்தங்களை மாவட்ட நல அலுவலர் சான்றின் பேரிலேயே ரெக்கார்ட்ஸ் ஏற்கட்டும். ஆவணம் அழிந்த இடத்தில், தரம்வீர் சிங் தீர்ப்பின் வழியில், ஐயத்தின் பலன் வீரருக்குப் போகட்டும்.

அதுவரை, பட்டாளத்திலிருந்து வந்த பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த வாரமே டிஸ்சார்ஜ் புக்கையும் பி.பி.ஓ.வையும் வெளியே எடுங்கள். மனைவியைப் பக்கத்தில் உட்காரவைத்து அவருடைய ஆதாரோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். பெயர், பிறந்த தேதி, உங்கள் பதவி, பணிக்காலம், பிள்ளைகள் பெயர், பதக்கங்கள் எல்லாவற்றையும் பாருங்கள். பிழை இருந்தால் படைஎண், பதவி, யூனிட் குறிப்பிட்டு, பி.பி.ஓ. நகல், டிஸ்சார்ஜ் புக் நகல், ஆதார், உறுதிமொழிப் பத்திரம் ஆகியவற்றோடு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக உங்கள் ரெக்கார்ட்ஸுக்கு எழுதுங்கள். ரெக்கார்ட்ஸ் திருத்தத்தை ஏற்றால் திருத்திய பி.பி.ஓ. வரும். பதக்கம் விடுபட்டிருந்தால் எந்த யூனிட்டோடு, எந்த மாதம், எந்த இடத்தில் நின்றீர்கள் என்பதை எழுதி, கூட நின்ற தோழர் இருவரிடம் இப்போதே கையெழுத்து வாங்கி இணையுங்கள். பதில் வரவில்லையா? ராணுவம் தகவல் உரிமைச் சட்டத்துக்குள்தான் வருகிறது. 10 ரூபாய்க் கட்டணத்தில் உங்கள் பதிவின் நகலைக் கேளுங்கள். திருத்தத்தையே மறுத்தால், ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குச் சென்னையிலேயே ஓர் அமர்வு இருக்கிறது. இறுதிப் பதில் வந்த 6 மாதத்துக்குள் போக வேண்டும்.

இன்று நீங்கள் உயிரோடு இருந்து கையெழுத்திட்டு அனுப்பும் கடிதத்துக்கு ஓர் உறுதிமொழிப் பத்திரம் போதும். நாளை உங்கள் மனைவி அதே திருத்தத்தைக் கேட்டால் அவரிடம் வாரிசுச் சான்று கேட்பார்கள், திருமணச் சான்று கேட்பார்கள், நாளிதழ் விளம்பரம் கேட்பார்கள், அவர் அவர்தானா என்று கேட்பார்கள்.